பெயர்க்கும் முன் உயரத்தை அளந்துவிடுங்கள்: இராமநாதபுரம் கடலோரத்தில் மண் தோண்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி ஒன்றியங்களின் பொறியாளர்களுக்கும், இராமேசுவரம் நகராட்சிக்கும், கடலோர ஊராட்சித் தலைவர்களுக்கும், அடித்தளமும் ஆழ்துளைக் கிணறும் போடும் ஒப்பந்தக்காரர்களுக்கும்,

வணக்கம்.

இராமேசுவரம் தீவின் வடகரையில் பாம்பன், ஓலைக்குடா பக்கங்களிலும், பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபத்திலும், கரையை ஒட்டிச் சாம்பல் நிறப் பாறை ஒன்று தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஓட்டை ஓட்டையாக இருக்கும். வெறுங்காலில் நடந்தால் குத்தும். பல தலைமுறையாக வீட்டு மதிலுக்கும் கிணற்றுச் சுவருக்கும் இதை வெட்டி வைத்திருக்கிறார்கள். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடித் தேவாலயத்தின் சுவர்களிலும் பவளக்கல்லைப் பார்க்கலாம். கரையில் கிடக்கும் அந்தப் பாறை ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பவளத்திட்டு.

பவளம் காற்றில் வளராது. கடல் வற்றியிருக்கும்போது வெயிலில் அதிக நேரம் கிடந்தாலே அதன் மேல்பகுதி செத்துவிடும். அப்படியிருக்க, ஒட்டி வளர்ந்த இடத்திலேயே, வளர்ந்த நிலையிலேயே, இன்றைய தாழ்நீர் மட்டத்துக்கு (கடல் வற்றும்போது நீர் நிற்கும் மட்டத்துக்கு) மேலே ஒரு பவளத் தலை, அதாவது உருண்டையாகத் திரண்டு வளர்ந்த பவளம், நிற்கிறது என்றால், அது வாழ்ந்த காலத்தில் இங்கே கடல்மட்டம் தரையை நோக்க இன்றைக்கு இருப்பதைவிட உயரத்தில் இருந்தது என்று பொருள். எப்போது இருந்தது, எத்தனை காலம் இருந்தது என்பதைக் கல்லைச் சோதனைச்சாலைக்கு எடுத்துப்போய்க் கண்டுபிடித்துவிடலாம். எவ்வளவு உயரம் என்பதைக் கல் நின்ற இடத்தில் மட்டுமே அளக்க முடியும். ஜேசிபி ஒரு தடவை தூக்கிப் போட்டுவிட்டால் அந்த அளவு போனது போனதுதான். எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

எந்தப் பணியையும் நிறுத்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. வீடும் சாலையும் படகுத்துறையும் குடிநீரும் வேண்டும். நாங்கள் கேட்பது, பழைய பவளப்பாறையையும் சிப்பிப் படிவையும் பெயர்க்கும் முன் இடத்தையும் உயரத்தையும் பதிந்துவிடுங்கள், துளையிட்டு எடுக்கும் மண்ணைக் கொட்டிவிடாமல் வைத்திருங்கள் என்பதுதான். அதை எப்படிச் செய்வது, எங்கே தவறும் என்பதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறோம்.

இந்தப் பாறையை உலகம் கவனித்து நூறாண்டுக்கு மேலாகிறது. பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1880களில் இராமேசுவரத்தின் உயர்ந்து நிற்கும் பவளப்பாறையைப் பற்றி எழுதினார். ஜெர்மானியப் புவியியலாளர் யோகானஸ் வால்தர் ஆதம் பாலத்தையும் பாக் நீரிணைப் பவளப்பாறைகளையும் பற்றிய ஆய்வை 1891இல் வெளியிட்டார். 1972இல் டேவிட் ஸ்டோடார்ட்டும், மண்டபத்தில் பவளங்களை ஆராய்ந்த கோபிநாத பிள்ளையும் இந்த உயர்ந்த பாறைகளை முறையாக விவரித்து, கல்லில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் ரேடியோ கார்பன் முறையில் சுமார் 4000 ஆண்டு என்று ஒரு வயதும் கொடுத்தார்கள். பிறகும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் பழைய கேள்வி ஒன்று இன்னும் முழுதாக அடைபடவில்லை: கடல் இறங்கியதா, தரை ஏறியதா?

கடல் இறங்கியிருக்க வலுவான காரணம் உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். எனவே தொண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே அன்று தரைதான் இருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறிவந்தது. உலகக் கடல்மட்டக் கணக்கின்படி பார்த்தால், ஏறத்தாழ 8000 ஆண்டுகளுக்கு முன்புதான் நீர் இந்த விரிகுடாவுக்குள் பரவியிருக்க வேண்டும். சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன் பெரும் பனி உருகி முடிந்தது. அதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரியாத செய்தி. புதிதாக வந்த நீரின் பாரத்தால் கடலடி மெல்ல அமிழ்ந்தது. பழைய பனிப்படலங்களைச் சுற்றிப் புடைத்திருந்த நிலமும் கடலடியும் மெல்லத் தணிந்தன. அந்தப் பள்ளங்களை நிரப்ப நீர் நகர்ந்ததால், பனியிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் வெப்பமண்டலக் கரைகளில் கடல் கொஞ்சம் இறங்கியது. நம் கரையின் உயர்ந்த பவளத்தை இதைக் கொண்டே விளக்கிவிடலாம்.

தரை ஏறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, ஒரே வயதுள்ள பவளத் தலைகளின் உயரத்தைப் பல ஊர்களில் அளந்து ஒப்பிடுவது. பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று போகப்போக உயரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால் கடல்தான் இறங்கியது. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் தாழ்ந்தால் தரை சாய்ந்திருக்கிறது. இங்கே வித்தியாசங்கள் சில பத்து சென்டிமீட்டர்களில்தான் இருக்கும். ஆகவே அளவில் 10 சென்டிமீட்டருக்கு மேல் பிழை இருந்தால் பயன் இல்லை. இந்தக் கரைக்கு ஓர் அருமையான வசதியும் இருக்கிறது. ஓதத்தின், அதாவது நாள்தோறும் கடல்நீர் பொங்கி வற்றுவதன், ஏற்ற இறக்கம் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு. ஏற்ற இறக்கம் பல மீட்டராக உள்ள கரைகளில் பவளத்தை வைத்துக் கடல்மட்டம் சொல்வதில் வரும் குழப்பம் இங்கே குறையும். இந்தியாவில் இதைத் துல்லியமாகச் செய்ய ஏற்ற கரைகளில் இது ஒன்று என்பது எங்கள் உறுதியான கருத்து.

பொறியாளர்களுக்கு இதில் நேரடியான தேவை இருக்கிறது. கடல் இப்போது மீண்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. இந்தத் தரை தானாக ஏறுகிறதா, இறங்குகிறதா, அசையாமல் நிற்கிறதா என்று தெரியாமல், இன்னும் ஐம்பது ஆண்டுக்குப் பிறகு படகுத்துறையின் மேல்தளம் எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்று சரியாகக் கணக்கிட முடியாது.

இனி, களத்தில் செய்யவேண்டியது.

முதலில் பார்க்கவேண்டியது, கல் வளர்ந்த இடத்திலேயே நிற்கிறதா, புயல் தூக்கிப் போட்டதா என்பதை. பவளத்தின் மேல் நட்சத்திரம் போன்ற சிறு குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு பவள உயிர் இருந்தது. பெரிய தலைகளில் அந்தக் குழிகள் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் விரிந்து, அடிப்பகுதி கீழுள்ள பாறையோடு இறுகி ஒட்டியிருந்தால், அது இடம் மாறாதது. அக்கம்பக்கத்துத் தலைகளும் அதே வாக்கில் நிற்கின்றனவா என்று பாருங்கள். குழிகள் தரையை நோக்கி இருந்தால், அல்லது கல்லுக்கு அடியில் தளர்ந்த மணலும் சிப்பியும் இருந்தால், அது உருண்டு வந்தது. உருண்டு வந்த கல்லுக்கு வயது பார்த்தால் அது செத்த காலம் கிடைக்கும். அந்த இடத்துக்கு வந்த காலம் கிடைக்காது. மணல்மேல் கிடக்கும் பவளக்கல்லின் வயதை மணல்திட்டின் வயதாக எடுத்துக்கொண்டு வாதிடுவது இந்தப் பகுதியைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வரும் பிழை. மணல் வேறு, கல் வேறு. இரண்டுக்கும் தனித்தனியாக வயது பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மதிப்புள்ளது, மேல் தட்டையாகவும் விளிம்பு சற்றே உயர்ந்தும் தாம்பாளம் போல இருக்கும் பவளத் தலை. போரைட்டஸ் இனத்தில் இதை அதிகம் காணலாம். தாழ்நீர் மட்டத்தைத் தொட்டதும் அதற்குமேல் வளர முடியாமல் நடுப்பகுதி செத்துப்போக, பக்கவாட்டில் மட்டும் பரவியதால் வந்த வடிவம் இது. ஆகவே அதன் மேல்தளம் அன்றைய தாழ்நீர் மட்டத்துக்கு மிக அருகில் இருந்திருக்கும். அகலம் ஒரு மீட்டர் இருந்தாலும் பல பத்தாண்டுகளின் கடல்மட்டம் அந்த ஒரே கல்லில் பதிந்திருக்கும். போரைட்டஸ் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஓர் எச்சரிக்கை: பாறைக்கு உள்பக்கம் நீர் தேங்கும் குளம் போன்ற பள்ளங்களில் வளர்ந்தவை வெளிக்கடலின் தாழ்நீரைவிட உயரமாகவும் வளரும். சுற்றிலும் தடுப்புப்போல் பாறை விளிம்பு இருந்தால் அதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது உயரம். அதிகப் பிழை வருவது இங்கேதான்.

கைப்பேசியின் ஜி.பி.எஸ். காட்டும் உயரத்தை எழுதாதீர்கள். ஜி.பி.எஸ். அடிப்படையில் அளப்பது பூமியின் கணித வடிவத்திலிருந்து உள்ள உயரத்தை. கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரத்தை அன்று. இலங்கைக்குத் தெற்கே கடலில் பூமியின் ஈர்ப்பு குறைந்திருப்பதால், அங்கே கடல்பரப்பு அந்தக் கணித வடிவத்துக்குக் கீழே 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே மிகத் தாழ்ந்த இடம் அது. நம் கரை அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இருக்கிறது. திருத்தம் செய்யாத கருவி இராமேசுவரக் கடற்கரையில் ஏறத்தாழ மைனஸ் 90 மீட்டர் என்று காட்டும். அதைப் பார்த்தால் யாருக்கும் தவறு என்று தெரிந்துவிடும். ஆபத்தானது வேறு: கடல்பரப்பின் மேடுபள்ளத்தைக் கணக்கில் சொல்லும் ஜியாய்டு மாதிரிகள் பல உண்டு, ஒரு கருவி ஒன்றைக் கொண்டும் இன்னொன்று வேறொன்றைக் கொண்டும் திருத்தியிருக்கும், ஒரு மீட்டர் அளவுக்கு வரும் வித்தியாசம் பார்வைக்குத் தெரியாது. துல்லிய ஜி.பி.எஸ். கருவி பயன்படுத்தினால், எந்த ஜியாய்டு மாதிரி என்பதையும் திருத்தாத மூல உயரத்தையும் சேர்த்தே பதியுங்கள்.

மட்டம் பார்க்கும் சாதாரண ஆட்டோ லெவல் கருவியும் அளவுக்கோலும் போதும். ஒன்றிய அலுவலகப் பொறியாளர் எவருக்கும் இது கைவந்த வேலை. அருகிலுள்ள நில அளவைத் துறை பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் ஏற்கெனவே அளந்து குறித்த நிலைப்புள்ளியிலிருந்து) தொடங்கி, கல்லுக்குப் போய், திரும்பவும் பெஞ்ச் மார்க்குக்கு வந்து கணக்கை மூடுங்கள். தொடங்கிய உயரத்துக்கும் திரும்பி வந்தபோது கிடைத்த உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 12 மில்லிமீட்டருக்குள் இருந்தால் தாராளம். பெஞ்ச் மார்க் கிடைக்கவில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். அதே கரையில் இன்று உயிரோடிருக்கும் பவளத்தின் மேல்மட்டத்தை, அதே நாளில், அதே லெவலை வைத்து அளந்துவிடுங்கள். பழைய பவளத்தின் மேல்மட்டத்துக்கும் உயிர்ப்பவளத்தின் மேல்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே நமக்கு வேண்டிய எண். சொல்லப்போனால், ஒப்பிடுவது ஒரே இனமாக இருந்தால் இதுதான் பெஞ்ச் மார்க் கணக்கைவிடச் சிறந்தது. உயிர்ப்பவளத்தின்மேல் அளவுக்கோலை ஊன்றாமல் பக்கத்தில் பிடித்து அளக்க வேண்டும். நீர்மட்டத்தை மட்டும் அளந்து ஓத அட்டவணையோடு ஒப்பிடும் வழியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்று அடித்தால் பாக் விரிகுடாவில் நீர் கரைமேல் ஏறி நிற்கும். அட்டவணை அதைச் சொல்லாது. வேறு வழியில்லை என்றால் நேரத்தை நிமிடத்தோடும் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் எழுதுங்கள்.

கடல்பணி ஒப்பந்தங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. துறைமுக வரைபடங்கள் கடல்வரைபட அடிமட்டத்தை, அதாவது கடல் மிகவும் வற்றும்போது நிற்கும் மட்டத்தையொட்டிய அளவை, சுழியாகக் கொள்ளும். தரைப்பணிகள் சராசரிக் கடல்மட்டத்தைச் சுழியாகக் கொள்ளும். எந்தச் சுழி என்று எழுதாத உயரத்தால் யாருக்கும் பயன் இல்லை.

படங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, கல் முழுவதும் ஒன்று, குழிகள் தெரியும்படி அருகில் ஒன்று. ஒவ்வொன்றிலும் அளவுக்கோல் தெரிய வேண்டும். கல்லின் வடக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டுப் படம் எடுங்கள்.

கல்லைப் பெயர்த்தே ஆகவேண்டிய இடத்தில் மாதிரி எடுப்பது எப்படி? தேர்ந்த ஒருவர் வந்து எடுப்பதுதான் முறை. வர நேரமில்லை என்றால், மேல்தளத்தை ஒட்டி, உட்பகுதியிலிருந்து கைப்பிடி அளவு, சுமார் 50 கிராம், உளியால் எடுத்தால் போதும். இன்றைய ரேடியோ கார்பன் கருவிகளுக்குச் சில மில்லிகிராம் கார்பனே போதுமானது. மீதி மற்றச் சோதனைகளுக்கு. வெளித்தோலை எடுக்காதீர்கள், அதில் பாசியும் பிற்காலச் சுண்ணமும் ஏறியிருக்கும். புதிய பாலித்தீன் பையிலோ அலுமினியத் தாளிலோ சுற்றுங்கள். பஞ்சு, செய்தித்தாள், சாக்கு வேண்டாம். அவற்றின் நார் ஒட்டினால் அதிலிருக்கும் இன்றைய கார்பன் வயதைக் குறைத்துக் காட்டும். உடைந்ததைப் பசையால் ஒட்டவே கூடாது.

சோதனைச்சாலைக்குப் போகும்முன் ஒன்றைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். உயிருள்ள பவளம் தன் எலும்பை அராகோனைட் என்னும் கனிமத்தால் கட்டுகிறது. மழைநீர் பல காலம் ஊறினால் அது கரைந்து கால்சைட்டாக மாறும். மாறும்போது புதிய கார்பனும் உள்ளே புகுந்துவிடும். பிறகு எந்த வயதும் நம்பத்தக்கதல்ல. மாறாத கல் இலேசாக, வெண்மையாக இருக்கும். குழிகளின் மெல்லிய தகடுகள் தெளிவாகத் தெரியும். மாறிய கல் கனக்கும், உடைத்தால் சர்க்கரைபோல் மினுங்கும், தகடுகள் அடைபட்டிருக்கும். அமிலம் ஊற்றிப் பார்ப்பது உதவாது, இரண்டுமே பொங்கும். உறுதி செய்ய எக்ஸ்-கதிர்ச் சோதனை வேண்டும். கால்சைட் ஓரிரு சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுவோம்.

வந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கடல்நீரில் கரைந்த கார்பன் ஏற்கெனவே பழையது. அதனால் கடலுயிர்களின் ரேடியோ கார்பன் வயது, சுமார் 400 ஆண்டு அதிகமாகக் காட்டும். அந்தந்தக் கடலுக்கு ஏற்ற திருத்தமும் தேவை. பழைய கட்டுரைகளில் இந்தத் திருத்தம் செய்யாத எண்களும், செய்த எண்களும் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் ஒரே படத்தில் குறித்துவிட்டு, கடல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது என்று கதை சொல்வது வீண். புதுடில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில் ரேடியோ கார்பன் சோதனைக்கு வசதி இருக்கிறது. பவளத்துக்கு, அதிலுள்ள யுரேனியம் சிதைந்து தோரியமாக மாறிய அளவை வைத்து வயது பார்க்கும் யுரேனியம்–தோரியம் முறையே இன்னும் துல்லியமானது. கடல்நீரின் பழைய கார்பன் அதைப் பாதிக்காது.

இனி, துளைகளைப் பற்றி. பாறையைவிட இதில்தான் ஆண்டுதோறும் அதிக இழப்பு நடக்கிறது. நிறுத்துவதும் இதில்தான் எளிது.

பாலம், படகுத்துறை, மீன்பிடித் துறைமுகம், மின்கோபுரம், பள்ளிக்கூடக் கட்டடம் என எது கட்டினாலும் மண்ணைத் துளைத்து உறுதி பார்க்கிறார்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணுவது வழக்கமான சோதனை. பெரும்பாலும் ஒவ்வொரு 1.5 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தக் குழாய்க்குள் ஏறத்தாழ ஒரு முழ நீளத்துக்கு மண் ஏறி வரும். அறிக்கை கொடுத்து, பில் பாஸ் ஆனதும் அந்த மண் குப்பைக்குப் போகிறது. 20 மீட்டர் துளை ஒன்றில் பன்னிரண்டு, பதின்மூன்று மாதிரிகள். ஓர் ஆய்வுக் குழு அதே துளையைத் தனியாகப் போட நிதி கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

அந்த மண்ணில் என்ன இருக்கும்? மேலே கடல்மணல், சிப்பி. கீழே சாம்பல் நிறக் களி. அதற்கும் கீழே, சில இடங்களில், கரிய நிறத்தில், அழுகிய முட்டை நாற்றத்தோடு, வேரும் இலைத்துணுக்கும் கலந்த களிமண். அந்தக் கரிய அடுக்கை எவரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடல் வந்து மூடுமுன் அங்கே இருந்த சதுப்பின், அலையாத்திக் காட்டின் மண்ணாக அது இருக்கலாம். அதிலுள்ள இலைக்கும் விதைக்கும் வயது பார்த்தால், கடல் அந்த ஆழத்துக்கு என்று வந்தது என்று நேராகக் கிடைத்துவிடும். தரைத்தாவரம் என்பதால் கடல்நீரின் 400 ஆண்டுத் திருத்தமும் வேண்டாம். வைகையின் பழைய தடங்கள் ஆற்றங்கரை முகத்துவாரத்திலிருந்து விரிகுடாவுக்குள் எங்கெங்கே போயின என்பதற்கும் துப்பு இந்த அடுக்குகளில்தான் இருக்க வேண்டும்.

களிமண்ணில் வேறொரு சாட்சியும் உண்டு. ஃபொராமினிஃபெரா எனப்படும் ஒற்றைச்செல் உயிர்களின் ஓடுகள். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. மண்ணை ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய நீரால் அலசி, உலர்த்தி, நுண்ணோக்கியில் 300 ஓடுகளை எண்ணினால் போதும். ஏறத்தாழ அம்மோனியா என்னும் ஓரினம் மட்டுமே நிறைந்திருந்தால், நன்னீர் கலந்த களப்பு (கரையோர உப்பங்கழி). இனங்கள் பலவாகி, பீங்கான் போல வெளுத்த ஓடுகள் மிகுந்தால், தெளிந்த உப்புநீர். கடல் கரையை நோக்கி வந்ததும் விலகிப்போனதும் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு இப்படித்தான் தெரியும்.

கேட்பது இதுதான். குழாயைப் பிளந்ததும், உங்களுக்குச் சோதனைக்கு வேண்டியது போக மீதியை மண் நீளம் குலையாமல் பாலித்தீனில் சுற்றுங்கள். மேல்முனை எது என்று அம்புக்குறி. துளை எண், ஆழம் எதிலிருந்து எதுவரை, தேதி. அழியாத மையில் எழுதிய அட்டையை இரண்டாவது பைக்குள் போடுங்கள். ஈரக் களிமண்ணோடு சேர்த்தால் எழுத்து அழிந்துவிடும். கப்பி கொட்டி உயர்த்திய தளத்திலிருந்து துளைத்தால், அந்தக் கப்பியின் கனத்தை எழுதுங்கள். மிதவையிலிருந்து துளைத்தால் தளத்துக்கும் கடலடிக்கும் உள்ள தூரத்தை நேரத்தோடு எழுதுங்கள். துளைக்குள் கடல்நீர் ஊற்றினீர்களா, துளை சரியாமல் காக்கும் பெண்டோனைட் களிமண் கரைசலா என்பதும் முக்கியம். கடல்நீர் ஊற்றினால் இன்றைய ஃபொராமினிஃபெரா பழைய மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் வெளிப்புறம் அரை சென்டிமீட்டரைச் சுரண்டிவிட்டு உள்ளே இருப்பதை எடுப்போம். சொல்லாவிட்டால் ஏமாறுவோம்.

குடிநீர் ஆழ்துளைக் கிணறு போடுவோர் ஒவ்வொரு 10 அடிக்கும் ஒரு கைப்பிடி மண்ணைத் தனித்தனிப் பையில் போட்டு வைத்தால் போதும். அந்த மண் மேலே வந்துசேரப் பிடிக்கும் நேரத்தில் துளை இன்னும் கீழே போயிருக்கும். மேலடுக்கு சரிந்தும் கலக்கும். ஆகவே அந்த ஆழத்தைச் சற்று ஐயத்தோடுதான் எடுத்துக்கொள்வோம். ஆனாலும் மணல் முடிந்து களி தொடங்கிய அடி எது, சிப்பி வந்த அடி எது என்று தெரிந்தால் பெரிய உதவி.

இன்னும் ஆழத்தில், பெருங்குளம், பெரியபட்டினம், காஞ்சிரங்குடி எரிவாயுக் கிணறுகள் தொடும் கிரெட்டேசியக் காலப் (டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் கடைசிப் பகுதி) படிவுகள், அரியலூரில் அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரின் புதைபடிவம் கிடைக்கும் பாறைகளின் காலத்தைச் சேர்ந்தவை. அந்தத் துளைகளின் பாறைத்துணுக்குகளைத் துரப்பணம் செய்வோரே காத்துவைக்கிறார்கள். எங்கள் கவலை மேலுள்ள 30 மீட்டரைப் பற்றியது. அதற்குத்தான் ஆள் இல்லை.

மணல் குன்றுகளையும், சாயல்குடிப் பக்கத்துச் செம்மண் தேரியையும் பற்றி ஒரு சொல். மணல் கடைசியாக வெயில் பார்த்த காலத்தை ஒளித்தூண்டல் முறையில் கணிக்கலாம். மாதிரி வெயில் பட்டால் அந்தக் கணமே கணக்கு அழிந்துவிடும். எனவே தேரியில் மணல் அள்ளும் இடத்தில் நேர்குத்தான வெட்டுமுகம் தெரிந்தால் கைவைக்காமல் தகவல் மட்டும் கொடுங்கள். ஓரடி நீள இரும்புக் குழாயை அடித்து, இரு முனையையும் இருட்டாக அடைத்து எடுப்பார்கள். சுற்றிலும் 30 சென்டிமீட்டருக்கு ஒரே வகை மண்ணாக இருக்க வேண்டும், ஏனெனில் அவ்வளவு தூரத்து மண்ணின் கதிர்வீச்சும் கணக்கில் சேரும்.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளில் எவரும், ஆய்வாளர் உட்பட, வனத்துறை அனுமதியின்றி ஒரு துண்டும் எடுக்கக்கூடாது. உயிர்ப்பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதன் விளைவை இந்த மாவட்டம் கண்கூடாகப் பார்த்திருக்கிறது. கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவு கடலுக்குள் போய்விட்டது. ஆனால் கரைமேல், பட்டா நிலத்திலும் புறம்போக்கிலும் கிடக்கும் கல்லான பவளப்பாறையைப் புவியியல் பதிவாக மதித்துக் காக்கும் ஏற்பாடு இங்கே இல்லை. தமிழ்நாட்டின் தேசியப் புவியியல் நினைவிடங்கள் திருவக்கரை, சாத்தனூர், காரை, பரங்கிமலை ஆகிய இடங்களில் உள்ளன. இராமநாதபுரம் கடற்கரையில் ஒன்றும் இல்லை. புவிப் பாரம்பரியத் தலங்களுக்கான சட்ட வரைவை ஒன்றிய சுரங்க அமைச்சகம் 2022இல் வெளியிட்டது. அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறோம். மாவட்ட அளவிலேயே செய்யக்கூடியது நிறைய.

ஆட்சியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள்: கடற்கரையிலிருந்து 500 மீட்டருக்குள் நடக்கும் அரசுப் பணிகளின் ஒப்பந்தப்புள்ளியில் இரண்டு வரி சேருங்கள். மண்சோதனை மாதிரிகளை மேலே சொன்ன முறையில் பையிட்டு ஒப்படைக்க வேண்டும். தோண்டும்போது பவளப்பாறையோ சிப்பிப் படிவோ தென்பட்டால், பெயர்க்கும் முன் உயரமும் படமும் பதிய வேண்டும். இதற்குப் பைகளும், அட்டைகளும், ஒரு பொறியாளரின் அரைநாளும் செலவாகும். மாதிரிகளைக் காக்க, தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை வளாகம் இருக்கிறது. அவர்கள் இசைந்தால் வெயில் படாத ஓர் அறையும் இரும்புத் தட்டுகளும் போதும். களிமண் மாதிரிகளைக் குளிரில் வைத்தால் நல்லது. அறைக்குள் பூச்சிமருந்து மட்டும் அடிக்கவேண்டாம்.

ஊராட்சித் தலைவர்களிடம்: உங்கள் ஊர் எல்லைக்குள் இந்தப் பாறை எங்கெங்கே தெரிகிறது என்று கரையோரம் நடந்து ஒரு பட்டியல் கொடுங்கள். வற்றத்தில் மட்டும் வெளியே தெரிவதும், மணல் மூடி எப்போதாவது தெரிவதும் மீன்பிடிக்கும் மக்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் வரைந்த வரைபடம் எதுவும் முழுமையாகாது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மணலுக்கடியில் பாறை எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதை, கிணறு வெட்டிய ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். பாறை வெளியே தெரியும் ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது ஒரு பகுதியை, பத்து மீட்டர் நீளமாவது, தொடாமல் விட்டுவைக்கத் தீர்மானம் போடுங்கள். இன்னும் இருபது ஆண்டில் வரப்போகும் முறைகள் இன்று நம் கையில் இல்லாத கேள்விகளைக் கேட்கும். அதற்குக் கல் அங்கேயே இருக்க வேண்டும். பாறைமேல் சிமெண்ட் பூசுவது, வெள்ளையடிப்பது, விளம்பரம் எழுதுவது வேண்டாம்.

முதல் அளவீட்டைத் தீவின் வடகரையில் சித்திரை முதல் ஆவணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பாக் விரிகுடாப் பக்கம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், தாழ்நீரில் உயிர்ப்பவளத்தின் மேல்மட்டம் தெளிவாகத் தெரியும். கீழக்கரை, வாலிநோக்கம் பக்கம் ஆடியில் கடல் பொங்கும். அங்கே தை, மாசி தோதானது. இரண்டு கரையிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் வற்றும். லெவல் ஓட்டத்தையும், மாதிரிகளைப் பையிடும் முறையையும் ஒன்றியப் பொறியாளர்களுக்கும் துளையிடும் பணியாளர்களுக்கும் ஒரு நாள் நேரில் செய்து காட்ட நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். இடமும் நாளும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடலோரப் புவியியலைக் கற்போரும் கற்பிப்போரும்